டி480 முதல் எக்ஸ்220 வரை: சிங்கப்பூரில் இன்றும் வாங்கத் தகுந்த பழைய லேப்டாப்கள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்களை அலுவலகங்கள் கழித்துவிட, அவை கரோசலுக்கும் சிம் லிம் ஸ்குவேரின் மேல்மாடிக் கடைகளுக்கும் வந்து சேர்கின்றன. விலை மலிவு என்று கண்ணில் பட்டதை எடுத்தால் சில மாதத்தில் அது அலமாரிக்குப் போய்விடும். பார்த்து எடுத்தால் இன்னும் பல வருடம் உழைக்கும். லெனோவோவின் திங்க்பேட் டி480, எச்பி எலைட்புக் 840 ஜி5, திங்க்பேட் எக்ஸ்220, 2012இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோ ஆகிய நான்கையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதல் இரண்டும் எல்லா வேலைக்கும் ஆகும். மற்ற இரண்டும் குறிப்பிட்ட வேலைக்கு மட்டும்.

பழைய லேப்டாப்பில் கெட்டுப்போகக்கூடியவை பேட்டரி, எஸ்எஸ்டி, விசிறி, கீபோர்டு, திரை, சார்ஜ் ஏறும் துளை. இவற்றில் எத்தனையை ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு வீட்டிலேயே மாற்றலாம் என்பதை முதலில் பாருங்கள். பிராசசர் பெயரை அப்புறம் பார்க்கலாம். போர்டோடு சாலிடர் செய்த 4 ஜிபி ரேமுடன் நின்றுவிட்ட மெல்லிய லேப்டாப் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். இன்றைய பிரௌசருக்கு 8 ஜிபி குறைந்தபட்சம், 16 ஜிபி நிம்மதி.

பிராசசருக்கு நான் போடும் கோடு இன்டெலின் 8ஆம் தலைமுறை. 7ஆம் தலைமுறை ஐ5-7200யுவில் 2 கோர், 4 திரெட். அடுத்து வந்த ஐ5-8250யுவில் 4 கோர், 8 திரெட். இரண்டும் அதே 15 வாட் ரகம்தான். இடைப்பட்ட வேறு எந்தத் தலைமுறை மாற்றத்திலும் இவ்வளவு பெரிய தாவல் இல்லை. விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வப் பட்டியலும், ஒருசில விதிவிலக்குகளை விட்டால், இந்தத் தலைமுறையில்தான் தொடங்குகிறது. இதிலுள்ள யுஎச்டி 620 கிராஃபிக்ஸ், விபி9, எச்இவிசி என்னும் சுருக்க முறைகளில் வரும் வீடியோக்களைத் தானே விரித்துவிடும். யூடியூப் பார்க்கும்போது பிராசசருக்கு வேலை இல்லை, விசிறியும் இரையாது. அவற்றுக்குப் பின் வந்த ஏவி1 முறைக்கு மட்டும் வன்பொருள் உதவி கிடையாது. 1080பியில் அது ஒரு குறையாகத் தெரியாது.

திங்க்பேட் டி480

2018இல் வந்தது. திங்க்பேட் டி தொடரின் 14 அங்குல லேப்டாப்களில், வெளியிலிருந்து கழற்றி மாட்டும் பேட்டரி கொண்ட கடைசி மாடல் இது. அடுத்த ஆண்டின் டி490இல் ரேமின் ஒரு பகுதி போர்டோடு ஒட்டிக்கொண்டது, பேட்டரி உள்ளே போய்விட்டது. டி480 மீது இன்னமும் இவ்வளவு பேர் பிரியமாக இருப்பதற்கு அதுதான் காரணம். அந்தப் பிரியம் நியாயமானதும்கூட.

ரேமுக்கு இரண்டு டிடிஆர்4 ஸ்லாட். லெனோவோ சொன்ன வரம்பு 32 ஜிபி, இரண்டு 32 ஜிபி போட்டு 64 ஜிபியாகவும் ஓட்டலாம். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறியிருப்பதால் 8 ஜிபியோடு வாங்கி அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இப்போது உதவாது. முதலிலேயே 16 ஜிபி உள்ளதைத் தேடுங்கள். அதிலும் ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 8 ஜிபி மேல். இரட்டைச் சேனலில் ஓடும்போது கிராஃபிக்ஸ் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடும்.

எஸ்எஸ்டி விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. டி480இல் இருப்பது 2.5 அங்குல டிரைவுக்கான இடம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி மாட்டினால் வினாடிக்கு ஏறக்குறைய 550 எம்பி. அதைவிட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி வேண்டுமென்றால் அதற்கான தட்டும் கேபிளும் தேவை. சில லேப்டாப்களில் இவை ஏற்கெனவே இருக்கும், சிலவற்றில் இருக்காது. விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தட்டு இருந்தாலும் அந்த இணைப்புக்கு இரண்டு பிசிஐஇ தடங்கள் மட்டுமே என்பதால் 1,700 எம்பி சுற்றளவில் நின்றுவிடும். ஆகவே விலை கூடிய ஜென்4 டிரைவை இதில் போடுவது காசை வீணாக்குவது. சாதாரண ஜென்3 டிரைவே போதும், சூடும் குறைவு.

பேட்டரி இரண்டு. உள்ளே 24 வாட்மணி, வெளியே 24, 48 அல்லது 72 வாட்மணி. முதலில் வெளிப் பேட்டரிதான் தீரும். அதைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டும்வரை உள் பேட்டரி தாங்கிக்கொள்ளும், லேப்டாப்பை அணைக்க வேண்டியதில்லை. 72 வாட்மணிப் பேட்டரி அடியில் புடைத்துக்கொண்டு நிற்கும். கீபோர்டு லேசாகச் சாய்வதால் தட்டச்சுக்கு அதுவே வசதி. ‘புத்தம் புது ஒரிஜினல்’ என்று விற்கப்படும் வெளிப் பேட்டரிகளில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பெட்டியிலேயே பல வருடம் கிடந்த பேட்டரியும் திறன் இழந்துதான் இருக்கும்.

திரையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே டி480 பெயரில் 1366க்கு 768 டிஎன் திரை, 1920க்கு 1080 ஐபிஎஸ் திரை, 2560க்கு 1440 திரை மூன்றும் வந்தன. முதல் வகையில் தமிழ் எழுத்துகளின் சுழியும் கொம்பும் கூழாகித் தெரியும், பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுத்துவிடும். விலை குறைவாக இருந்தால் அதை எடுத்து ஃபுல் எச்டி பேனலாக மாற்றிக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே 30 பின் கேபிள் போதும். 1440பி பேனலுக்கு மாறினால்தான் 40 பின் கேபிள் வேண்டும். சேர்ந்து வந்த ஃபுல் எச்டி பேனலும் 250 நிட் வெளிச்சம்தான். ஜன்னலோரமாக வேலை செய்கிறவர்கள் 400 நிட், குறைந்த மின்சார ரகப் பேனலைப் போட்டால் வெளிச்சத்தோடு பேட்டரி நேரமும் கூடும். வெளித் திரை வைத்திருப்பவர்கள் கவனிக்க: எச்டிஎம்ஐ துளை 1.4பி. 4கே திரையை அதில் இணைத்தால் 30 ஹெர்ட்ஸ்தான், மவுஸ் நகர்வே தடுமாறும். டைப்-சி வழியாக இணைத்தால் 60 ஹெர்ட்ஸ் கிடைக்கும்.

இனி இதன் பெரிய நோய். டி480 உள்ளிட்ட அந்தக் காலத்துத் திங்க்பேட்கள் பலவற்றில் தண்டர்போல்ட் என்னும் வேகமான டைப்-சி இணைப்பின் ஃபர்ம்வேரில், அதாவது சிப்பிலேயே எழுதிவைத்த நிரலில், ஒரு குறை இருந்தது. சிறிய நினைவகச் சிப்பில் அது ஓயாமல் எழுதிக்கொண்டே இருந்து ஒருநாள் செயலிழந்துவிடும். அதன்பின் டைப்-சி வழியாகத் திரை வராது, தண்டர்போல்ட் சாதனம் தெரியாது, சிலவற்றில் சார்ஜே ஏறாது. லெனோவோ 2019இல் திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டது. பழுதாகும் முன் போட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. பழுதான பின் சிஹெச்341ஏ என்ற சின்ன புரோகிராமர் கருவியைச் சிப்பில் கவ்வவிட்டு மறுபடி எழுத வேண்டும். ஆகவே வாங்கும் இடத்திலேயே இரண்டு டைப்-சி துளைகளிலும் சார்ஜரை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். இரண்டிலும் சார்ஜ் ஏற வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பயோஸையும் (லேப்டாப் கிளம்பும்போது முதலில் ஓடும் நிரல்) தண்டர்போல்ட் ஃபர்ம்வேரையும் லெனோவோ தளத்திலிருந்து புதுப்பித்துவிடுங்கள்.

அந்தத் துளைகள் மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டவை என்பது இன்னொரு பலவீனம். மடியில் வைத்து வேலை பார்க்கும்போது நேராக நீளும் சார்ஜர் முனை தொடையில் இடித்து இடித்துத் துளை ஆடத் தொடங்கும். எல் வடிவ முனை கொண்ட கேபிளை வாங்கிக்கொண்டால் அந்த இழுவை குறையும். ஆடும் துளையோடு விற்கப்படும் லேப்டாப்பை விலை எவ்வளவு குறைந்தாலும் எடுக்காதீர்கள்.

திறப்பதற்குமுன் பயோஸுக்குள் போய், ‘கான்ஃபிக்’ பிரிவின் ‘பவர்’ பக்கத்தில் உள் பேட்டரியை முடக்கும் தெரிவைச் சொடுக்குங்கள். லேப்டாப் தானே அணையும். சார்ஜரையும் வெளிப் பேட்டரியையும் எடுத்துவிட்டு அடியிலுள்ள திருகுகளைத் தளர்த்துங்கள். அவை மூடியிலேயே தங்கிவிடும், தொலையாது. பிறகு பிளாஸ்டிக் அட்டையை விளிம்பில் நுழைத்துக் கவ்விகளை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். உலோக ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கவ்வி உடையும், மூடி அதன்பின் ஒட்டி உட்காராது. விசிறியைத் துடைத்துத் தெர்மல் பேஸ்ட் மாற்றுகிறவர்கள் ஹீட்சிங்கின் திருகுகளை அதில் பொறித்துள்ள எண் வரிசையில் தளர்த்தி, அதே வரிசையில் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒரு மூலையை மட்டும் முழுதாக இறுக்கினால் அழுத்தம் சீராக விழாது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்த மாடல் லினக்ஸில் 80 பாகை வெப்பத்திலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் உடையது. ‘திராட்டில்டு’ என்ற இலவச நிரலை நிறுவினால் சரியாகும்.

கீபோர்டு கெட்டால் மேலிருந்தே கழற்றலாம், மதர்போர்டைத் தொட வேண்டியதில்லை. இதே காலத்து மெல்லிய தம்பியான டி480எஸ்ஸில் ஒரு பகுதி ரேம் சாலிடர், ஒரு ஸ்லாட் காலி. எஸ்எஸ்டி வேகம் முழுதாகக் கிடைக்கும், பேட்டரி உள்ளே மட்டும். எடை குறைவாக வேண்டுவோர் அதை எடுக்கலாம். எக்ஸ்1 கார்பனில் ரேம் முழுதும் சாலிடர் என்பதால் 16 ஜிபி உள்ளதை மட்டும் பாருங்கள்.

எலைட்புக் 840 ஜி5

டி480க்குக் கிடைக்கும் புகழில் கால்வாசி கூட இதற்கு இல்லை. அதனாலேயே பேரம் பேச இடம் இருக்கும். அதே 8ஆம் தலைமுறை, இரண்டு ரேம் ஸ்லாட், முழு நீள என்விஎம்இ ஸ்லாட், அலுமினிய உடம்பு. டைப்-சி தவிர எச்பியின் 4.5 மில்லிமீட்டர் ஊசிமுனைச் சார்ஜரும் வேலை செய்யும். டைப்-சி துளை போனாலும் லேப்டாப் படுக்காது என்பதை நான் பெரிய பலமாக எண்ணுகிறேன். ஒலி டி480ஐவிடத் தெளிவு. ‘ஷ்யூர் வியூ’ என்னும் மறைதிரை வைத்த பதிப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பக்கத்து இருக்கைக்காரருக்குத் திரை தெரியாமல் செய்யும் ஏற்பாடு அது. அந்த வசதியை அணைத்தாலும் பார்க்கும் கோணமும் நிறமும் மங்கலாகவே இருக்கும். கீபோர்டின் எஃப் வரிசை விசைகளில் அதற்கான அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கையில் வாங்கும் முன்

வன்பொருள் நன்றாக இருந்தும் பயன்படாமல் போகும் லேப்டாப்கள் உண்டு. பூட்டுதான் காரணம். முதலில் பயோஸுக்குள் நுழைந்து பாருங்கள்: திங்க்பேட்டில் எஃப்1, எச்பியில் எஃப்10, டெல்லில் எஃப்2. கடவுச்சொல் கேட்டால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திங்க்பேட்டின் சூப்பர்வைசர் கடவுச்சொல் உள்ளிருக்கும் காசு பேட்டரியைக் கழற்றுவதால் அழியாது. மதர்போர்டையே மாற்றச் சொல்வதுதான் நிறுவனத்தின் பதில்.

அடுத்தது அலுவலகப் பதிவு. விற்பவர் விண்டோஸைத் திறந்து காட்டுவது போதாது. புதிதாக நிறுவி, வைஃபையில் இணைத்த பிறகு, ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு ‘உங்கள் அலுவலகக் கணக்கில் நுழையுங்கள்’ என்று கேட்டால் அது இன்னும் அந்த நிறுவனம் மைக்ரோசாஃப்டிடம் பதிந்துவைத்த ஆட்டோபைலட் சாதனப் பட்டியலில் இருக்கிறது என்று பொருள். எத்தனை முறை அழித்தாலும் திரும்ப வரும். அந்த நிறுவனமே பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். பள்ளிகளிலிருந்து வரும் குரோம்புக்குகளிலும் இதே கதை. மேக்புக்கில் 2018 முதல் வந்த டி2 பாதுகாப்புச் சிப் மாடல்களில் ஐகிளவுட் பூட்டு, அதற்கு முந்தியவற்றில் ஃபர்ம்வேர் கடவுச்சொல். நல்ல செய்தி ஒன்று: விண்டோஸ் 10 ப்ரோவோடு வந்த அலுவலக லேப்டாப்களில் உரிமச் சாவி மதர்போர்டிலேயே இருக்கும். புதிதாக விண்டோஸ் 11 ப்ரோ நிறுவினால் தானாகச் செயல்படும். உரிமத்துக்கென்று தனியாகக் காசு கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

எம்ஆர்டி நிலையத்திலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோ சந்தித்து வாங்குகிறவர்களுக்கு அரை மணி நேரம் போதும். லினக்ஸ் மின்ட் ஏற்றிய யுஎஸ்பி ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். அதிலிருந்து லேப்டாப் கிளம்பிவிட்டால் வைஃபை, ஒலி, கேமரா, ஒளிர்வுக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். திரை முழுக்க வெள்ளை நிறம் வைத்துப் பாருங்கள். உள்ளே அழுத்தம் பட்ட இடம் வெளிர் புள்ளியாகத் தெரியும். மூடியை ஒரு மூலையில் பிடித்துத் திறந்து மூடுங்கள். கீல் பக்கத்தில் ‘கிறீச்’ என்றாலோ, விளிம்பு பிளந்தாலோ, உள்ளே திருகு பிடிக்கும் பிளாஸ்டிக் உடைந்திருக்கிறது. விண்டோஸில் ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையில் பேட்டரி அறிக்கையைக் கேட்டால் தயாரிப்புத் திறனும் இப்போதைய முழுத் திறனும் அருகருகே வரும். டி480இல் இரண்டு பேட்டரிக்கும் தனித்தனி நெடுவரிசை இருக்கும். 60 விழுக்காட்டுக்குக் கீழே போயிருந்தால் பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். எஸ்எஸ்டியின் நலத்தை ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ காட்டும். மற்றபடி எல்லாத் துளையிலும் எதையாவது செருகிப் பாருங்கள், எல்லா விசையையும் ஒருமுறை தட்டுங்கள்.

கடையில் வாங்கினால் ரசீதில் மாடல், ரேம், எஸ்எஸ்டி அளவு, சொல்லப்பட்ட குறைகள், உத்தரவாத நாள் எல்லாம் எழுதி வாங்குங்கள். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள ‘லெமன் சட்டம்’ (குறையுள்ள பொருள் வாங்கியவரைக் காக்கும் சட்டம்) பழைய பொருளுக்கும் பொருந்தும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. பொருளின் வயதும் விலையும் கணக்கில் வரும் என்பதால் தேய்ந்த பேட்டரிக்கு இதைக் காட்டி வாதாட முடியாது. தனியாள் தனியாளுக்கு விற்பதற்கு இந்தச் சட்டம் கிடையாது. கடையோடு பேசித் தீராத விவகாரத்தைச் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடமும், பின்னர் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைக் கேட்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்திடமும் கொண்டுபோகலாம். விலைக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: லேப்டாப், புதுப் பேட்டரி, எஸ்எஸ்டி மூன்றும் சேர்ந்து புது நடுத்தர லேப்டாப் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடலாம்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பார்க்கிறவர்கள் முதலில் பள்ளியைக் கேளுங்கள். கற்றல் சாதனத்தில் பள்ளி நிர்வகிக்கும் செயலி நிறுவப்பட வேண்டும். லினக்ஸ் போட்ட எக்ஸ்220 அந்த இடத்தை நிரப்பாது.

எக்ஸ்220, எழுதுகிறவர்களுக்கு

2011இல் வந்தது, 2ஆம் தலைமுறை இன்டெல். நான் போட்ட கோட்டுக்கு வெகு கீழே இருக்கிறது. ஆனாலும் இதை விடாமல் சேர்க்கக் காரணம் அதன் ஏழு வரிசைக் கீபோர்டு. ஆழமாக இறங்கி, தெளிவாகத் தடுத்து நிற்கும் விசைகள்; டெலீட், ஹோம், எண்ட் எல்லாம் அததன் இடத்தில். தமிழ்99 விசைப்பலகை முறையில் பக்கம் பக்கமாகத் தட்டுகிறவர்களுக்கு இடக்கை உயிருக்கும் வலக்கை மெய்க்குமாகச் சீரான தாளம் கிடைக்கும். இன்றைய மெல்லிய கீபோர்டுகளில் இந்த ஆழம் இல்லை.

12.5 அங்குலத் திரையில் ஐபிஎஸ் பதிப்பைத் தேடிப் பிடியுங்கள், டிஎன் பதிப்பில் தலையைச் சற்று அசைத்தாலே நிறம் மாறும். 2.5 அங்குல டிரைவை மாற்ற ஒரே ஒரு திருகு. டிரைவு 7 மில்லிமீட்டர் தடிமனாக இருக்க வேண்டும், 9.5 நுழையாது. ரேம் இரண்டு டிடிஆர்3 ஸ்லாட்; 8 ஜிபி என்று கையேடு சொன்னாலும் 16 ஜிபி ஓடும். வைஃபை கார்டை வேறொன்றாக மாற்றினால் லேப்டாப் 1802 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடலாம். லெனோவோ அனுமதித்த கார்டுகளை மட்டும் ஏற்கும் பட்டியல் பயோஸில் இருக்கிறது. தேதியும் நேரமும் மறந்து 0271 என்று சொன்னால் உள்ளிருக்கும் கம்பி வைத்த சிஆர்2032 தீர்ந்துவிட்டது. ஐ7 பதிப்பில் மட்டும் ஒரு யுஎஸ்பி 3.0 துளை உண்டு, மற்றவை எல்லாம் யுஎஸ்பி 2.0.

இதன் கிராஃபிக்ஸ் எச்.264 போன்ற பழைய முறை வீடியோக்களை மட்டுமே தானாக விரிக்கும். யூடியூப் விபி9 அனுப்பினால் பிராசசர் திணறி விசிறி இரையும். எச்.264ஐ மட்டும் கேட்கச் செய்யும் பிரௌசர் நீட்சியைப் போட்டால் 720பி அமைதியாக ஓடும். லினக்ஸ் மின்ட் 22இன் எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான பதிப்பு இதற்குப் பொருத்தம், 2029 வரை புதுப்பிப்பு வரும். தமிழ்99க்கு ஐபஸ், எம்17என் என்னும் தட்டச்சு உள்ளீட்டுத் தொகுப்புகளை நிறுவி, தமிழின் கீழ் தமிழ்99ஐச் சேர்த்தால் போதும். விண்டோஸ் 11இலும் மேக்கிலும் தமிழ்99 உள்ளமைந்தே வருகிறது. அடுத்து வந்த எக்ஸ்230 வேகத்தில் சற்று மேல். ஆனால் கீபோர்டு ஆறு வரிசையானது, பயோஸும் பிற நிறுவனப் பேட்டரியை ஏற்க மறுக்கும். எக்ஸ்220 மறுக்காது. பேட்டரி தேடும் காலத்தில் இந்த வித்தியாசம் பெரிது.

இதற்கும் பழைய கோர் 2 டுவோ லேப்டாப்களைச் சேகரிப்பவர்கள் வாங்கட்டும். அவற்றுக்கும் முந்திய 32 பிட் லேப்டாப்புக்கு வழி ஏறக்குறைய அடைந்துவிட்டது. 2025இல் வந்த டெபியன் 13 என்னும் லினக்ஸ் அதற்கான நிறுவியைத் தரவில்லை.

மேக்புக் ப்ரோ 13, 2012

ரேமையும் டிரைவையும் கையால் மாற்றக்கூடிய கடைசி 13 அங்குல மேக்புக் ப்ரோ. டிவிடி டிரைவும் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய திருமண வட்டுகளை நகலெடுக்க இன்னும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடி மூடியில் 10 திருகு, அதில் 3 நீளமானவை. கழற்றிய இடத்திலேயே வரிசையாக வையுங்கள். ரேம் டிடிஆர்3 1600, இரண்டு 8 ஜிபி. பேட்டரியைப் பிடித்திருப்பது ஒய் வடிவத் தலைத் திருகு, அதற்கான ஸ்க்ரூடிரைவர் தனியாக வேண்டும்.

இதில் ஒரு பலவீனமான பாகம் டிரைவு கேபிள். அலுமினிய உடம்போடு உரசி உரசி உள்ளிழை அறுந்துபோகும். கோப்புறையில் கேள்விக்குறி மின்னுவது, நிறுவும்போது பாதியில் நிற்பது, எஸ்எஸ்டி மாட்டிய பிறகும் ஆமை வேகம் எல்லாம் இதன் அறிகுறி. எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டாவது எஸ்எஸ்டி வாங்குகிறவர்கள் அநேகம். டிரைவை யுஎஸ்பி உறையில் போட்டு அதிலிருந்து கிளப்பிப் பாருங்கள், ஒழுங்காக ஓடினால் குற்றம் கேபிள்மீது. புதுக் கேபிளை வைக்கும்போது உரசும் இடத்தில் மின்காப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டால் மறுபடி அறுவது குறையும்.

மேக்ஓஎஸ் கேட்டலினாவோடு ஆப்பிள் நிறுத்திக்கொண்டது. வங்கிக் கணக்குக்குள் நுழையும் லேப்டாப்பாக அதை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். லினக்ஸ் போடலாம், வைஃபை பிராட்காம் என்பதால் நிறுவும்போது கேபிள் வழி இணையம் கொடுத்து அதன் ஃபர்ம்வேரை இறக்க வேண்டும். மற்றபடி பாட்டு, வட்டு, எழுத்துவேலைக்கு உறுதியான உடம்பு. மேக் ஒன்றே வேண்டும், அன்றாடத்துக்கு வேண்டும் என்றால் இதில் காசு போடாமல் 2020இன் எம்1 மேக்புக் ஏருக்குக் காசு சேரும்வரை பொறுத்துப் பாருங்கள்.

இந்த ஊர்க் காற்றில்

80 விழுக்காட்டைத் தாண்டும் ஈரப்பதம் பழைய லேப்டாப்பை இரண்டு இடத்தில் பிடிக்கும். ரேமின் பொன்முனைகளிலும் ஸ்லாட்டிலும் மெல்லிய படலம் படிந்து, திடீரென்று லேப்டாப் கிளம்பாமல் விசிறி மட்டும் சுழலும். ரேமைக் கழற்றி, 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் முனையைத் துடைத்து, காய்ந்த பின் செருகினால் பெரும்பாலும் சரியாகும். மூடியில் ரப்பர் பூச்சு உள்ள மாடல்கள் வருடக்கணக்கில் பிசுபிசுக்கத் தொடங்கும். அதே ஆல்கஹாலால் பூச்சைத் துடைத்தெடுத்துவிடலாம், தோற்றம் சற்றுக் குறையும், கை ஒட்டாது. ஆல்கஹால், தெர்மல் பேஸ்ட், காசு பேட்டரி எல்லாம் ஜாலான் புசார் பக்கத்துச் சிம் லிம் டவர் கடைகளில் கிடைக்கும். தேக்காவிலிருந்து நடந்தே போகலாம்.

எப்போதும் சார்ஜரில் செருகியே வைத்திருப்பவர்கள் சார்ஜ் வரம்பை 80 விழுக்காட்டில் நிறுத்துங்கள். விண்டோஸில் லெனோவோ வான்டேஜ், லினக்ஸில் டிஎல்பி இதைச் செய்யும். இந்த வெப்பத்தில் முழு சார்ஜில் நிற்கும் பேட்டரிதான் முதலில் ஊதும். டச்பேடு அழுந்த மறுத்தாலோ அடிமூடி மேசையில் ஆடினாலோ பேட்டரி ஊதியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். ஊதியதைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, புளோக் குப்பைக் குழாயில் போடவே கூடாது. ஜப்பானிலிருந்து வரும் லேப்டாப்போடு இரண்டு முனைச் சார்ஜர் இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, பாதுகாப்புச் சின்னம் பொறித்த மூன்று முனைச் சார்ஜர் வாங்குங்கள். டி480க்கு 20 வோல்ட் தரும் 65 வாட் டைப்-சி போதும், எக்ஸ்220க்கு லெனோவோவின் உருண்டை முனை 65 வாட்.

ஊரிலுள்ள பெற்றோருக்கோ தம்பி தங்கைக்கோ எடுத்துப் போகிறவர்கள் லேப்டாப்பைக் கைப்பையிலேயே வையுங்கள். தனியாக எடுத்துச் செல்லும் பேட்டரியைச் சரக்குப் பெட்டியில் போட விமானத்தில் அனுமதி கிடையாது, கைப்பையில் மட்டும்தான். 100 வாட்மணிக்கு உட்பட்டிருந்தால் தனி அனுமதி தேவையில்லை. டி480இன் 72 வாட்மணிப் பேட்டரியும் எக்ஸ்220இன் 94 வாட்மணிப் பெரிய பேட்டரியும் அந்த வரம்புக்குள்தான். முனைகள்மீது டேப் ஒட்டி, வாட்மணி அச்சிட்ட பக்கம் மேலே தெரியும்படி தனிப் பையில் வைத்தால் சோதனையில் எடுத்துக் காட்டிவிட்டு நகரலாம்.